உன்னை நம்பி யார் இருக்காங்க? ஒரு விண்ணப்பத்தில் இல்லாத கட்டத்தின் வரலாறு

(ஒலி எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

வழக்கமா நம்ம எபிசோட் ஏதாவது ஒரு பழைய கட்டடத்துல இருந்தோ, தெருப் பெயர்ல இருந்தோ ஆரம்பிக்கும். இந்த தடவை ஒரு ஃபார்ம்ல இருந்து ஆரம்பிக்குது.

திருவொற்றியூர்ல என் பெரியம்மா வீடு. ஞாயித்துக்கிழமை மத்தியானம். கறிக்குழம்பு சாப்பிட்டு முடிச்சு கை கழுவறதுக்குள்ள அக்கா லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. "டேய், நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, இதை ஃபில் பண்ணிக் கொடு." அக்காவுக்கு வயசு முப்பத்தொண்ணு. பிளஸ் டூ முடிச்ச அடுத்த வருஷம் கல்யாணம். ரெண்டு பசங்க. மாமா டிரெய்லர் ஓட்டறார். அக்கா ஒரு சரக்குப் பெட்டக நிலையத்துல என்ட்ரி போடற வேலை பார்க்கறாங்க. எந்த வண்டி, எந்த கன்டெய்னர், எத்தனை மணிக்கு உள்ள வந்தது, எத்தனை மணிக்கு வெளிய போச்சு. அதே ஆபீஸ்ல அடுத்த மேஜைக்குப் போகணும்னா டிகிரி கேக்கறாங்க. அதனால பி.காம்., அஞ்சல் வழியில. அதுக்கு ஒரு உதவித்தொகை விண்ணப்பம்.

முதல் பக்கம். தந்தை பெயர். தந்தையின் தொழில். பெற்றோரின் ஆண்டு வருமானம். உடன்பிறந்தோர் எண்ணிக்கை.

"அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. இதுல என்னடா போடறது?"

அந்தக் கட்டத்தை காலியா விட்டா அடுத்த பக்கம் போக விடல. சரின்னு ஒரு கோடு போட்டுட்டு கீழ போனோம். அக்கா முழு ஃபார்மையும் மேலயும் கீழயும் ஓட்டிப் பார்த்துட்டு கேட்டாங்க: "என் புள்ளைங்கள எங்கடா எழுதறது?"

எழுத இடம் இல்ல. நான் பொழப்புக்கு டேட்டாபேஸ் பார்க்கறவன். ஒரு விஷயத்துக்கு ஃபீல்டு இல்லன்னா, சிஸ்டத்தைப் பொறுத்தவரை அந்த விஷயம் உலகத்துலயே இல்ல. அந்த ஃபார்முக்கு அக்கா ஒரு மகள். யாரோட செலவுலயோ வளர்ற பொண்ணு. அவங்க செலவுல ரெண்டு பேர் வளர்றாங்கங்கறது அதுக்குத் தெரியவே தெரியாது.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வர்ற வழியில யோசிச்சேன். குடும்பத்தைத் தோள்ல வெச்சுக்கிட்டு படிக்க உதவி கேட்டு விண்ணப்பிச்சவங்க இதுக்கு முன்னாடி யாருமே இல்லையா? இருந்தாங்க. முதல் ஆள் ரொம்ப பக்கத்துலயே இருந்தார்.

30 ரூபாய் கிளார்க்

ராயபுரத்துல இருந்து பீச் ஸ்டேஷன் பக்கம் வந்தா இடது கைப் பக்கம் துறைமுகம். 1912-ல அங்க போர்ட் டிரஸ்ட் ஆபீஸ்ல ஒரு புது கிளார்க் சேர்ந்தார். மார்ச் 1-ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்தார், மாசம் 30 ரூபாய் சம்பளம். வயசு 24. எஃப்.ஏ. தேர்வுல ஃபெயில் ஆனவர். பெயர் சீனிவாச ராமானுஜன்.

ராமானுஜன் கதை எல்லாருக்கும் தெரியும். கனவுல நாமகிரித் தாயார், ஹார்டிக்கு எழுதின கடிதம், 1729. நான் இன்னைக்கு அந்தக் கதைக்குப் போகல. அவரை ஒரு உதவித்தொகை விண்ணப்பதாரரா மட்டும் பார்க்கப் போறேன்.

அவர் வீட்டுக் கணக்கு இது. 1909-ல ஜானகியோட கல்யாணம், அப்போ ஜானகிக்குப் பத்து வயசு. கும்பகோணத்துல அப்பா துணிக்கடைக் கணக்கர், சொற்ப சம்பளம். அம்மா, பாட்டி, படிக்கற வயசுல ரெண்டு தம்பிங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ராமானுஜன் வீட்டுக்கு ஒரு புள்ள. கல்யாணத்துக்கு அப்புறம் சம்பாதிச்சே ஆகணும். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் கொஞ்ச நாள் மாசம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். அப்புறம்தான் போர்ட் டிரஸ்ட் வேலை. ஜார்ஜ் டவுன்ல சைவ முத்தையா முதலி தெருவுல குடித்தனம். பகல்ல துறைமுகக் கணக்கு, மத்த நேரம் தன்னோட கணக்கு.

அந்த ஆபீஸ்ல மேலதிகாரி நாராயண ஐயர் ஒரு கணித ஆர்வலர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு எஞ்சினியர். ரெண்டு பேருக்கும் இந்த கிளார்க் சாதாரண ஆள் இல்லன்னு புரிஞ்சுது. 1913 பிப்ரவரியில வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவர் நோட்டைப் பார்த்துட்டு மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்குக் கடிதம் எழுதினார். இவரை சம்பாதிக்கற கவலை இல்லாம சில வருஷம் கணக்கு போட விடணும்ங்கறதுதான் அதோட சாரம்.

இங்கதான் ஃபார்ம் பிரச்சனை வருது. ஆராய்ச்சி உதவித்தொகை வாங்க விதிப்படி முதுகலைப் பட்டம் வேணும். இவர்கிட்ட இளங்கலையே இல்ல. இன்னைக்கா இருந்தா போர்ட்டல் சிவப்பு எழுத்துல 'தகுதி இல்லை'ன்னு காட்டிட்டு முடிச்சிருக்கும். அன்னைக்கு மனுஷங்க உக்காந்து பேசினாங்க. கணிதப் பாடக்குழு பரிந்துரை பண்ணுச்சு. சிண்டிகேட் ஏப்ரல்ல கூடி, விதியைத் தளர்த்தி, மாசம் 75 ரூபாய், ரெண்டு வருஷத்துக்குன்னு முடிவு பண்ணுச்சு. 1913 மே 1 முதல் பணம். போர்ட் டிரஸ்ட் அவரை ராஜினாமா பண்ணச் சொல்லல, விடுப்பு கொடுத்து அனுப்புச்சு.

30 ரூபாய்ல இருந்து 75. ரெண்டரை மடங்கு. நாம இதை 'மேதைக்குக் கிடைச்ச அங்கீகாரம்'னு படிக்கறோம். நான் வேற மாதிரி படிக்கறேன். 30 ரூபாய் சம்பளத்துல குடும்பம் ஓடுது. 30 ரூபாய் ஸ்காலர்ஷிப் கொடுத்திருந்தாக்கூட அவர் வேலையை விட்டுட்டு வந்திருக்கலாம், ஆனா மூச்சு முட்டும். குடும்பஸ்தன் படிக்க வரணும்னா ஃபீஸ் கட்டினா மட்டும் போதாது. அவர் விட்டுட்டு வர்ற சம்பளத்தையும் யாராவது ஈடுகட்டணும். அந்த முதல் படியை மெட்ராஸ் யுனிவர்சிட்டி சரியா வெச்சுது.

அடுத்த வருஷம் இங்கிலாந்து. யுனிவர்சிட்டி வருஷம் 250 பவுண்டு கொடுத்தது, கப்பல் செலவும் துணிமணிச் செலவும் தனி. 1914 மார்ச் 17, மெட்ராஸ் துறைமுகத்துல இருந்து 'நெவாசா' கப்பல் கிளம்புச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி கணக்கு எழுதின அதே துறைமுகம்.

அந்த 250 பவுண்டுல 50 பவுண்டு கும்பகோணத்துக்கு ஒதுக்கப்பட்டது. அன்னைக்கு மதிப்புல மாசம் சுமார் 60 ரூபாய். அஞ்சுல ஒரு பங்கு. இது கூடுதலா வந்த பணம் இல்ல. ஒருத்தர் படிக்கறதுக்குன்னு கொடுத்த தொகையில இருந்து பிச்சு எடுத்த பங்கு. அதாவது உதவித்தொகையில் குடும்பம்னு தனிக் கணக்கு கிடையாது. விண்ணப்பதாரர் தன் பங்குல இருந்து அதை உருவாக்கிக்கிட்டார்.

உடம்பு ரொம்ப சரியில்லாத நேரத்துல, யுனிவர்சிட்டி மறுபடியும் வருஷம் 250 பவுண்டு தர முன்வந்தது. 1919 ஜனவரியில ராமானுஜன் பதில் எழுதினார். தன் தேவைக்கு மேல இருக்கு, பெற்றோருக்கு வருஷம் 50 பவுண்டு போகட்டும், மீதி ஏழைப் பசங்களுக்கும் அனாதைப் பசங்களுக்கும் பள்ளிக் கட்டணம் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படட்டும்னு. சம்பளம் இல்லாத வீட்டுல ஃபீஸ் எப்படி இடிக்கும்னு அனுபவிச்ச ஒருத்தர் எழுதற கடிதம் அது.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கு, அதையும் சொல்லியே ஆகணும். அந்த 50 பவுண்டு போனது மாமியார் வீட்டுக்கு. ஜானகி கைக்கு இல்ல. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப் போகல, கடிதங்கள்கூட ஒழுங்கா போய்ச் சேரலன்னு வாழ்க்கை வரலாறுகள் சொல்லுது. ஜானகி அண்ணன் வீட்டுக்குப் போயிட்டார். 1920 ஏப்ரல் 26-ல ராமானுஜன் சேத்துப்பட்டுல இறந்தப்போ ஜானகிக்கு 21 வயசு. யுனிவர்சிட்டி கொடுத்த பென்ஷன் மாசம் 20 ரூபாய். அவர் பம்பாய்ல தையல் கத்துக்கிட்டு, திருவல்லிக்கேணிக்குத் திரும்பி, தைச்சே பல வருஷம் பொழைச்சார். 'நம்பி இருப்பவர்'னு ஒருத்தரைக் கணக்குல எழுதினா போதாது, பணம் யார் கையில போகுதுங்கறதும் கணக்குதான்.

பரோடா பணத்தில் ஒரு பம்பாய் வீடு

ராமானுஜன் 75 ரூபாய் வாங்க ஆரம்பிச்ச அதே 1913. பம்பாய்ல இன்னொரு இளைஞர் கப்பல் ஏறினார். வயசு 22. அந்த வருஷம் பிப்ரவரியிலதான் அப்பா இறந்திருந்தார். வீட்டுல மனைவி ரமாபாய், ஒரு வயசுகூட ஆகாத மகன் யஷ்வந்த். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகை, மாசம் பதினொன்றரை பவுண்டு, மூணு வருஷத்துக்கு. நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். பீமராவ் அம்பேத்கர்.

ராமானுஜனுக்குப் புள்ளைங்க கிடையாது. அம்பேத்கர் இந்த எபிசோடோட நேரடி உதாரணம்: அப்பாவா இருந்துக்கிட்டே ஸ்காலர்ஷிப்ல படிச்சவர். அங்க அவர் சாப்பாட்டைச் சுருக்கி மிச்சம் பிடிச்சு வீட்டுக்கு அனுப்பினார். இங்க ரமாபாய் அதை வெச்சும் வைக்காமலும் ஓட்டினார். 1917-ல லண்டன் படிப்பை பாதியில விட்டுட்டுத் திரும்பினார், ஏன்னா உதவித்தொகைக் காலம் முடிஞ்சு போச்சு. சிடன்ஹாம் கல்லூரியில புரொஃபசரா வேலை பார்த்து, சேமிச்சு, கோலாப்பூர் ஷாகு மகாராஜ் உதவி, நண்பர் நவல் பதேனாகிட்ட கடன்னு சேர்த்து 1920-ல மறுபடி லண்டன் போனார்.

அந்தத் தம்பதிக்கு அஞ்சு குழந்தைங்க. நாலு பேர் சின்ன வயசுலயே இறந்துட்டாங்க. மிஞ்சினது யஷ்வந்த் மட்டும். ரமாபாய் 1935-ல இறந்தார். அம்பேத்கர் பின்னால தன் பாகிஸ்தான் பற்றிய புத்தகத்தை ரமாபாய் நினைவுக்கு சமர்ப்பணம் பண்ணார். ஒரு பட்டத்துக்கு என்ன விலைன்னு ஃபீஸ் ரசீதுல மட்டும் பார்த்தா இதெல்லாம் தெரியாது.

1944: ரெண்டு நாடு, ரெண்டு கேள்வி

இப்போ 31 வருஷம் தாண்டறோம். 1944. அம்பேத்கர் இப்போ வைஸ்ராய் நிர்வாகக் குழுவுல தொழிலாளர் துறை உறுப்பினர். அவர் முயற்சியில பட்டியல் சாதி மாணவர்களுக்கு மெட்ரிக்குக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை ஆரம்பிக்குது. தொடக்க ஒதுக்கீடு வருஷம் 3 லட்சம் ரூபாய். இன்னைக்கு நாம 'போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்'னு சொல்றோமே, அதோட வேர் இதுதான். வடசென்னையில எத்தனை வீட்டுல முதல் டிகிரி இந்தப் பணத்துல வந்ததுன்னு நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல.

அதே 1944, ஜூன் 22. அமெரிக்காவுல ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்துல கையெழுத்து போடறார். போர் முடிஞ்சு திரும்பற சிப்பாய்ங்க படிக்கறதுக்கான சட்டம். 'ஜி.ஐ. பில்'னு பெயர் வந்துடுச்சு. ஃபீஸ், புத்தகத்துக்கு வருஷம் 500 டாலர் வரைக்கும். அதோட வாழ்க்கைச் செலவுக்கு மாசாமாசம் பணம். தனி ஆளா இருந்தா 50 டாலர். அவரை நம்பி யாராவது இருந்தா 75 டாலர்.

இந்த ஒரு வரிக்காகத்தான் நான் அமெரிக்கா வரைக்கும் வந்தேன். இங்க ஃபார்ம் கேக்குது: உன்னை நம்பி யார் இருக்காங்க? இருந்தா, கூடுதலா 25 டாலர், சரி பாதி. ராமானுஜன் தன் பங்குல இருந்து பிச்சுக் கொடுத்ததை இங்க அரசாங்கமே தனி வரியா எழுதிக் கொடுத்தது. பின்னால தொகை ஏறுச்சு. 1948-ல எத்தனை பேர் நம்பி இருக்காங்கங்கறதைப் பொறுத்து இன்னும் பிரிச்சாங்க. சுமார் 22 லட்சம் பேர் இந்தச் சட்டத்துல காலேஜ் போனாங்க. கல்யாணம் ஆன மாணவர்களுக்காக காலேஜ் வளாகங்கள்ல டிரெய்லர் வீட்டு வரிசையே வந்தது, கொடியில குழந்தைத் துணியோட. அதுல கறுப்பின சிப்பாய்ங்களுக்கு நடந்த பாகுபாடு பெரிய கதை, அதனால அதை சொர்க்கம்னு சொல்ல மாட்டேன். ஆனா மாணவர்னா வீட்டுக்குப் புள்ளையா மட்டும்தான் இருக்கணும்ங்கற எண்ணத்தை அந்தச் சட்டம் உடைச்சது.

இங்க என்ன ஆச்சு? நம்ம போஸ்ட் மெட்ரிக் விதிகள் வளர்ந்தப்போ, பராமரிப்புத் தொகை எந்தப் படிப்பு, ஹாஸ்டலா வீடாங்கறதைப் பொறுத்துப் பிரிஞ்சது. மாணவரைச் சார்ந்து யார் இருக்காங்கன்னு கேக்கல. கேட்டது ஒண்ணுதான்: நீ யாரைச் சார்ந்து இருக்க? பெற்றோர் வருமானம் எவ்வளவு? கல்யாணம் ஆகி வேலை இல்லாத மாணவியா இருந்தா, கணவர் வருமானம் எவ்வளவு? இந்தக் கடைசிக் கேள்வி விதியிலேயே எழுதியிருக்கு. ஆக, கல்யாணம் ஆன பொண்ணு படிக்க வருவாங்கன்னு அரசுக்குத் தெரியும். அவங்க சாய்ஞ்சிருக்கற தோள் மாறுனதை மட்டும் எழுதிக்கிட்டாங்க. அவங்க தோள்ல யார் இருக்காங்கங்கறதை எழுதிக்கல.

வங்கிக் கல்விக் கடன் மாதிரித் திட்டத்துலயும் இதே தர்க்கம்தான். கூட்டுக் கடனாளியா அப்பாவோ அம்மாவோ வேணும். கல்யாணம் ஆகியிருந்தா கணவரோ மனைவியோ, மாமனார் மாமியாரோ. யாராவது ஒரு 'பெரியவங்க' வேணும். நீங்களே ரெண்டு புள்ளைக்குப் பெரியவங்களா இருந்தாலும்.

மெட்ராஸில் ஒரு மாற்றுப் பாதை

நம்ம ஊர்ல இதை யாருமே யோசிக்கலன்னு சொன்னா அது பொய்யாயிடும். ஒருத்தர் யோசிச்சார், அதுவும் மெட்ராஸ்லயே.

துர்காபாய். 1909-ல ராஜமுந்திரியில பிறந்தவர். எட்டு வயசுல கல்யாணம் பண்ணி வெச்சாங்க. பெரியவளான பிறகு அந்த பந்தத்துல இருந்து வெளிய வந்தார். விடுதலைப் போராட்டத்துல சிறை. மதுரைச் சிறையில எழுதப் படிக்கத் தெரியாத பெண் கைதிகளோட இருந்த அனுபவம் அவரை மாத்துச்சு. ரொம்பத் தாமதமா, தனித்தேர்வரா பனாரஸ் மெட்ரிக் எழுதி, எம்.ஏ. வரைக்கும் போய், மெட்ராஸ்ல சட்டம் முடிச்சார். அதோட நிக்கல. 1937-ல மெட்ராஸ்ல ஆந்திர மகிளா சபாவை ஆரம்பிச்சு, பள்ளிக்கூட வயசைத் தாண்டின பெண்களை அதே பனாரஸ் மெட்ரிக் தேர்வுக்குத் தயார் பண்ணார். வருஷக்கணக்கா ஒவ்வொரு வகுப்பா ஏற நேரம் இல்லாதவங்களுக்கு, சுருக்கமா, அழுத்தமா, ரெண்டே வருஷத்துல.

1953-ல மத்திய சமூக நல வாரியம் அமைஞ்சப்போ அவர்தான் முதல் தலைவர். 1958-ல அந்த மெட்ராஸ் சோதனை நாடு முழுக்கத் திட்டமா மாறுச்சு. வயது வந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டம். 18 முதல் 30 வயசு வரைக்கும், படிப்பை விட்ட பெண்கள், குறிப்பா விதவைகள், கைவிடப்பட்டவங்க. ரெண்டு வருஷத்துல மெட்ரிக். பணம் தன்னார்வ அமைப்புகள் வழியா. நாட்டுக்கு அப்போ கிராம சேவிகா, நர்ஸ், டீச்சர், மருத்துவச்சி நிறைய தேவை. படிச்ச பொண்ணுங்க குறைவு. அந்தத் தேவையும் ஒரு காரணம்.

இந்தத் திட்டத்துல எனக்குப் பிடிச்சது, அது விண்ணப்பதாரரை 'பாதியில விட்டவ'ன்னு பார்க்கல. 'நடுவுல ஒரு வாழ்க்கை நடந்திருக்கு'ன்னு பார்த்தது. ஆனா அது மெட்ரிக்கோட நின்னுச்சு. அதுக்கு மேல, காலேஜ் வாசல்ல, பழைய ஃபார்ம்தான் காத்திருந்தது.

இப்போ, இங்கே

துறைமுகத்துல இருந்து கொஞ்ச தூரம்தான் பிராட்வே, பாரதி மகளிர் கல்லூரி. 2022 செப்டம்பர் 5-ல 'புதுமைப் பெண்' திட்டம் தொடங்கினது அங்கதான். அரசுப் பள்ளியில ஆறு முதல் பன்னிரண்டு வரை படிச்ச பொண்ணுங்க காலேஜ் சேர்ந்தா மாசம் 1000 ரூபாய், நேரா அவங்க கணக்குல.

இதுக்கு ஒரு முன்கதை இருக்கு. இதோட முழுப் பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். அதே அம்மையார் பெயர்ல 1989-ல இருந்து இருந்தது திருமண உதவித் திட்டம். முதல்ல 5000 ரூபாய், பின்னால தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. அந்த உதவி வாங்கவே குறைஞ்சபட்சப் படிப்பு வேணும்னு வெச்சதால, பல வீட்டுல பொண்ணை எட்டாவது, பத்தாவது வரைக்கும் அனுப்பினாங்க. 2022-ல அந்த கல்யாணப் பணம் படிப்புப் பணமா மாறுச்சு. சாதாரண மாற்றம் இல்ல இது. 'பொண்ணுன்னா கட்டிக் கொடுக்கணும்'ங்கற இடத்துல 'பொண்ணுன்னா படிக்க வைக்கணும்'னு அரசே பட்ஜெட்டுல எழுதினது.

என் அக்கா படிச்சது முழுக்க அரசுப் பள்ளி. ஆனா அந்தத் திட்டம் தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது. வேலைக்கும் போகணும், சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்கூல் வாசல்லயும் நிக்கணும்னா அவங்களுக்கு இருக்கற ஒரே வழி தொலைநிலைக் கல்விதான். நமக்கு 'கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு' ஒரு திட்டம், 'கல்யாணத்துக்கு அப்புறம் குடும்பத் தலைவி' ஒரு திட்டம். 2023 செப்டம்பர் 15-ல கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வந்தது, மாசம் 1000. அதாவது ஒரு டேட்டாபேஸ்ல அக்கா குடும்பத் தலைவி. இன்னொரு டேட்டாபேஸ்ல மாணவின்னா மகள். ரெண்டும் ஒரே ஆளா இருக்க முடியும்னு ரெண்டு டேபிளையும் இணைச்சுப் பார்க்கற கியூரிதான் இல்ல. எங்க ஆபீஸ்ல இதுக்கு ஜாயின்னு பெயர்.

வேற நாடுகள்ல இருக்கு. இங்கிலாந்துல முழுநேரம் படிக்கற பெற்றோர்களுக்கு, தகுதி இருந்தா, பெற்றோர் கற்றல் படி தனியா உண்டு. குழந்தைக் காப்பகச் செலவுல 85 சதவீதம் வரைக்கும், ஒரு உச்சவரம்புக்குள்ள, மானியமா தர்றாங்க. வயசான அம்மாவோ துணைவரோ அவங்களை நம்பி இருந்தா அதுக்கும் ஒரு மானியம். இது எதுவும் கடன் இல்ல, திருப்பிக் கட்ட வேண்டாம். நம்ம நாட்டுலயும் கதவு கொஞ்சம் கொஞ்சமா திறக்குது. யு.ஜி.சி. 2016-ல பிஎச்.டி. படிக்கற பெண்களுக்கு 240 நாள் வரைக்கும் மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு கொடுத்தது. 2021 டிசம்பர்ல இளங்கலை, முதுகலை மாணவிகளுக்கும் வருகைப் பதிவுல சலுகை கொடுக்க விதி வகுக்கச் சொல்லி பல்கலைக்கழகங்களுக்கு எழுதுச்சு. ஆனா லீவு வேற, பணம் வேற.

நான் பெரிய புரட்சி எதுவும் கேக்கல. ஒரு ஃபார்ம்ல மூணு ஃபீல்டு. நீங்க பெற்றோரா? உங்களை நம்பி எத்தனை பேர்? பணம் யார் கணக்குல போகணும்? முதல் ரெண்டு ராமானுஜனும் அம்பேத்கரும் சொல்லிக் கொடுத்தது. மூணாவது ஜானகி அம்மாள் சொல்லிக் கொடுத்தது. எண்ண ஆரம்பிச்சாத்தான் எத்தனை அக்காங்க இருக்காங்கன்னு தெரியும். தெரிஞ்சாத்தான் யாராவது பட்ஜெட் போடுவாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சுன்னு சொல்லி முடிச்சுக்கறேன். ஃபார்ம் கடைசியில 'இதர விவரங்கள்'னு ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அக்கா சொல்லச் சொல்ல நான் அடிச்சேன்: எனக்கு இரண்டு குழந்தைகள், பத்து வயது, ஆறு வயது, இருவரும் என் பொறுப்பில். அதுக்கு மேல எழுத இடம் விடல. அனுப்பினோம். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு வரியில மெயில் வந்தது, தேர்வாகல. காரணம் எதுவும் போடல.

அக்கா அந்த மெயிலை ரெண்டாவது தடவைகூடப் படிக்கல. தெருவுல போட்டுக்கிட்டிருந்த சீட்டை கொஞ்சம் தள்ளி எடுத்து ஃபீஸ் கட்டிட்டாங்க. அந்தத் தள்ளு போன காசு எவ்வளவுன்னு கேட்டேன், சொல்லல. இப்போ முதல் வருஷப் பரீட்சை முடிஞ்சிருக்கு. காஸ்ட் அக்கவுன்டிங் மட்டும் கஷ்டமா இருக்காம். பெரியவன் பக்கத்துல உக்காந்து கணக்கு போடறப்போ இவங்களும் அதே மேஜையில உக்காந்து போடறாங்க.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ இப்படி யாராவது படிச்சுக்கிட்டு இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. இல்ல, அதைவிட நல்லது, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவங்க புள்ளைங்களை ரெண்டு மணி நேரம் நீங்க பார்த்துக்கோங்க.